பி2 தேறிய பிறகும் என் வணிக ஸ்பானிஷ் ஏன் உறுத்துகிறது?

அந்திமழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம் பி2 தேறினேன் (ஏ1 முதல் சி2 வரை உள்ள ஆறு நிலைகளில் நாலாவது). வேலையில் தினமும் ஸ்பானிஷ்தான். பொகோதாவில் ஒரு வாடிக்கையாளர், மாத்ரிதில் ஒருவர், மெக்சிகோவின் மொன்தெர்ரேயில் ஒருவர் என்று மூன்று பேரோடு மாற்றி மாற்றி மெயிலும் போனும்.

இலக்கணப் பிழை அதிகம் வருவதில்லை. வணிகச் சொற்களும் ஓரளவு தெரியும். ஆனாலும் ஏதோ சரியில்லை. பொகோதாக்காரர் ஆரம்பத்தில் நீளமாகப் பதில் எழுதுவார். இப்போது ஒற்றை வரியில் முடித்துக்கொள்கிறார், அதுவும் இரண்டு மூன்று நாள் கழித்து. கடைசியாக நான் அனுப்பிய மெயிலில் இருந்தது இவ்வளவுதான்: "நெசெசீதோ கே மே என்வீயெஸ் லா ஃபக்தூரா ஓய். எஸ் உர்ஹென்தே."

"கே"க்குப் பிறகு சப்ஹுன்தீவோ (விருப்பம், சந்தேகம், இன்னும் நடக்காதது இவற்றைச் சொல்லும் வினைவடிவம்) சரியாகத்தானே போட்டிருக்கிறேன்? அடுத்த நிலையான சி1 படித்தால் இது சரியாகுமா, இல்லை வணிக ஸ்பானிஷுக்குத் தனி வகுப்பு ஏதாவது சேரணுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

—

நடைவண்டி எழுதியது:

உங்கள் வரியில் பிழையே இல்லை. அதனால்தான் எங்கே இடிக்கிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை.

அதே வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "நீ எனக்கு இன்னைக்கு இன்வாய்ஸ் அனுப்பணும். அவசரம்." முகம் பார்க்காத, வயதில் மூத்த ஒரு வாடிக்கையாளருக்கு இப்படி எழுதுவீர்களா? கை வராது. ஸ்பானிஷில் மட்டும் எப்படி வந்தது? நாம் எல்லோரும் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறோம். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான். நடுவில் அது வந்து உட்கார்ந்ததும், பிறந்ததிலிருந்து நமக்குப் பழகிய ஒரு வேறுபாடு மறந்துபோகிறது. பதினைந்து வருஷமாக மொழிபெயர்ப்பில் இருக்கிறேன். நன்றாகப் படித்துவிட்டு வருகிறவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

"தூ" என்றால் நீ, "உஸ்தெத்" என்றால் நீங்கள் என்று முதல் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் உஸ்தெத் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "வுயெஸ்த்ரா மெர்செத்" (தங்கள் தயவு) என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து தேய்ந்து உஸ்தெத் ஆனது. நம் பழைய விண்ணப்பங்களில் "ஐயா அவர்கள் ஆவன செய்யுமாறு" என்று எதிரில் இருப்பவரையே படர்க்கையில் வைத்து எழுதுவோமே, அதே மரியாதைதான். உஸ்தெத்துக்கு வினை ஏன் படர்க்கையில் வருகிறது என்ற கேள்விக்கும் இதுதான் பதில். இதை மனதில் வைத்தால் விகுதி தானாக வரும், அட்டவணை மனப்பாடம் வேண்டாம்.

அடுத்தது "நெசெசீதோ கே". இது என் தேவையைச் சொல்கிறது. வேண்டுகோள் வேறு வடிவம்: "லே அக்ரதெசெரீயா கே மே என்வியாரா லா ஃபக்தூரா." இந்த "என்வியாரா" இறந்தகால சப்ஹுன்தீவோ. இனிமேல் நடக்க வேண்டிய காரியத்துக்கு இறந்தகாலம் எதற்கு என்று ஆங்கில வழியில் படித்தவர்கள் திணறுவார்கள். நீங்கள் திணற வேண்டியதில்லை. "அனுப்பினால் நன்றாக இருக்கும்" என்கிறோமே, அந்த "அனுப்பினால்" எந்த அடியில் நிற்கிறது? "அனுப்பின" என்ற இறந்தகால அடியில். வந்தால், செய்தால், கொடுத்தால், எல்லாமே அப்படித்தான். நடக்காத ஒன்றை இறந்தகாலத்தில் வைத்து மெதுவாகக் கேட்கும் பழக்கம் இரண்டு மொழிக்கும் பொது. "அனுப்பினால் நன்றாயிருக்கும்" என்று தமிழில் வாய் வருகிற இடத்தில் ஸ்பானிஷில் "அக்ரதெசெரீயா கே" போட்டுவிட்டு "-ஆரா", "-இயேரா" வடிவத்துக்குப் போங்கள். பெரும்பாலும் சரியாக விழும்.

சி1 பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பொகோதாவுக்கு உஸ்தெத்தில் ஒரு மெயில் போடுங்கள். அந்த ஊரில் நண்பர்களும் உடன்பிறந்தவர்களும்கூடத் தங்களுக்குள் உஸ்தெத் போட்டுப் பேசுவதுண்டு. அங்கே உங்கள் "தூ" எவ்வளவு உறைத்திருக்கும் என்று பாருங்கள்.

—

அந்திமழை எழுதியது:

படித்துவிட்டு அந்தப் பழைய மெயில்களை எல்லாம் திறந்து பார்த்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் முதல் மெயிலிலிருந்தே எனக்கு உஸ்தெத்தில்தான் எழுதியிருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை.

ஒரு சந்தேகம் அக்கா. மாத்ரித்காரர் இரண்டாவது மெயிலிலேயே "தூ"வுக்கு வந்துவிட்டார். அவருக்கும் நான் உஸ்தெத் போட வேண்டுமா?

—

நடைவண்டி எழுதியது:

வேண்டாம். ஸ்பெயின் அலுவலகங்களில் சீக்கிரமே தூவுக்கு வந்துவிடுவார்கள். அவர் வந்த பிறகும் நீங்கள் உஸ்தெத்திலேயே நின்றால், நெருங்க விரும்பவில்லை என்று பொருள்படும். அவர் எதில் எழுதுகிறாரோ அதில் எழுதுங்கள். ஒரே மெயிலில் இரண்டையும் கலக்க மட்டும் கூடாது. "தூ" வினையில் ஆரம்பித்து, உஸ்தெத்துக்கு உரிய "லே" (உங்களுக்கு) என்று முடிந்தால் அரைகுறையாகத் தெரியும்.

அர்ஜென்டினாவிலும் உருகுவாயிலும் "தூ" இடத்தில் "வோஸ்" இருக்கிறது. நீங்கள் பேச வேண்டியதில்லை, கேட்டால் புரிந்தால் போதும். "தெனேஸ்", "போதேஸ்" என்று அழுத்தம் கடைசியில் விழும்.

மொன்தெர்ரேக்காரர் கையெழுத்தில் "இங்." என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் "இன்ஹெனியேரோ" (பொறியாளர்) என்று அழைக்க வேண்டும். "லிக்." என்றால் "லிசென்சியாதோ" (பட்டதாரி). மெக்சிகோவில் இந்தப் பட்டங்களைப் பெயருக்கு முன்னால் சேர்த்து அழைப்பது சாதாரணம்.

பெயரிலும் கவனம். பெரும்பாலும் இரண்டு குடும்பப் பெயர் இருக்கும், முதலாவதைத்தான் சொல்லி அழைக்க வேண்டும். மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் கிளாவ்தியா ஷெய்ன்பாம் பார்தோ. செய்திகளில் அவர் ஷெய்ன்பாம்தான், பார்தோ இல்லை. கடைசியில் நிற்பதுதானே குடும்பப் பெயர் என்று பலர் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

—

சரக்குக்கப்பல் எழுதியது:

அக்கா சொன்னது மரியாதை பற்றி. நான் எண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பணம் போகும்.

ஏற்றுமதி ஆவணங்களில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் ஸ்பெயினுக்குப் போகிற ஒரு விலைப்பட்டியலில் கிலோவுக்கு 1.250 யூரோ என்று அடித்தேன். நான் நினைத்தது ஒன்றேகால் யூரோ. அவர்கள் படித்தது ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஸ்பெயின், அர்ஜென்டினா, சிலே, கொலம்பியாவில் வழக்கமாகப் புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி பின்னத்தைப் பிரிக்கும். மெக்சிகோவிலும் பெருவிலும் நாம் எழுதுவது மாதிரியே. 2010-இல் வந்த ஸ்பானிஷ் எழுத்து நெறிநூல் பின்னத்துக்கு இரண்டையும் ஏற்றுக்கொண்டு புள்ளியைப் பரிந்துரைத்தது, ஆயிரத்துக்கு இடைவெளி விடச் சொன்னது. ஆனாலும் கணக்கர்களின் கை பழைய வழக்கத்தை விடவில்லை. அந்தத் தொகை வித்தியாசம் கண்ணில் படும் அளவுக்குப் பெரிது என்பதால் தப்பித்தோம். எடைப் பட்டியலில் இதே தவறு வந்தால் யாருக்கும் கண்ணில் படாது. அன்றிலிருந்து முக்கியமான தொகையை எண்ணிலும் எழுத்திலும் சேர்த்தே போடுகிறேன்.

அடுத்தது "பியோன்". பார்க்க ஆங்கிலத்து பில்லியன் மாதிரியே இருக்கும். நம்பிவிடாதீர்கள். ஆங்கில பில்லியன் நூறு கோடி. ஸ்பானிஷ் பியோன் லட்சம் கோடி. நூறு கோடிக்கு "மீல் மியோனெஸ்" என்றுதான் சொல்ல வேண்டும்.

நாள் கணக்கும் வேறு. "ஓச்சோ தீயாஸ்" என்றால் எட்டு நாள், ஆனால் சொல்கிறவர் நினைப்பது ஒரு வாரம். "கின்சே தீயாஸ்" பதினைந்து நாள், அவர் நினைப்பது இரண்டு வாரம். பேச்சில் இப்படி. ஒப்பந்தத்தில் வந்தால் "தீயாஸ் ஆபிலெஸ்" என்றால் வேலை நாள். விடுமுறையும் சேர்த்து எண்ணுவதற்கு ஸ்பெயினில் "தீயாஸ் நதுராலெஸ்", லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் "தீயாஸ் கொர்ரீதோஸ்". எது என்று எழுதாத கெடுவை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொருளோடு போகும் சரக்குச் சீட்டுக்கு ஸ்பெயினில் "அல்பரான்", அர்ஜென்டினாவில் "ரெமீதோ", பெருவில் "கீயா தே ரெமிசியோன்". விலைப்புள்ளி கேட்டால் ஸ்பெயினில் "ப்ரெசுபுயெஸ்தோ", லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் "கொதிசாசியோன்". வாடிக்கையாளர் எந்தச் சொல்லைப் போடுகிறாரோ அதைத் திருப்பிப் போடுங்கள், அகராதிச் சொல்லைத் தேடிப் போக வேண்டாம்.

—

உச்சிவெயில் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சி1 எழுதலாமா வேண்டாமா?

எழுதுங்கள் என்பேன். தானாகப் படிக்கிறவர்கள் பி2-விலேயே வருஷக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன், நானும் நின்றிருக்கிறேன். தேதி குறித்த ஒரு தேர்வு இருந்தால்தான் நகர்வோம். ஸ்பெயின் அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே சி1 பேச்சுத் தேர்வில், சில தெரிவுகளை முன்னால் வைத்துத் தேர்வாளரோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். விட்டுக்கொடுக்கணும், மறுக்கணும், சமாதானம் சொல்லணும். இது வணிகப் பேச்சு இல்லையா? தெலே சான்றிதழ் காலாவதி ஆகாது. சியேலே என்ற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வு கணினியில் எழுதுவது, முடிவும் சீக்கிரம் வரும், ஆனால் சான்றிதழுக்குக் காலவரை உண்டு. 2016-இல் தொடங்கிய தேர்வு அது. செர்வாந்தெஸ் நிறுவனத்தோடு சலமாங்கா, புவெனோஸ் ஐரெஸ் பல்கலைக்கழகங்களும் மெக்சிகோவின் தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகின்றன.

—

நடைவண்டி எழுதியது:

உச்சிவெயில் தம்பி, தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சி2 வைத்திருக்கிற ஒருவர் எழுதிய புகார்க் கடிதத்தைப் போன மாதம் திருத்தினேன். ஒரு பிழை இல்லை, ஆனால் அனுப்பியிருந்தால் உறவு முறிந்திருக்கும். தேர்வில் எதிரே இருப்பவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. அவருக்குக் கோபம் வராது, வந்தாலும் ஆர்டரை நிறுத்த மாட்டார்.

—

உச்சிவெயில் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனாலும் அடித்தளம் ஆடினால் நயம் எங்கே நிற்கும்? சி1-க்குப் படித்தபோதுதான் "அவுன்கே" (என்றாலும்) எனக்குப் பிடிபட்டது. அதைச் சொல்லிவிட்டு விடுகிறேன்.

விலைப் பேச்சில் "அவுன்கே நுயெஸ்த்ரோ ப்ரேசியோ எஸ் மாஸ் ஆல்தோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "எஸ்" போட்டால் எங்கள் விலை உயர்வுதான் என்று நானே ஒரு தகவலாக எடுத்து வைக்கிறேன். "எஸ்"ஸை எடுத்துவிட்டு "சேயா" போட்டால், உயர்வாகவே இருந்தாலும் சரி, பேச்சு அதைப் பற்றியது இல்லை என்று தாண்டிப் போகலாம். தமிழில் "உயர்வாக இருக்கிறது, ஆனாலும்" என்பதற்கும் "உயர்வாகவே இருக்கட்டும்" என்பதற்கும் உள்ள தூரம். இரண்டே எழுத்து மாறுகிறது, பேரத்தில் நாம் நிற்கிற இடம் மாறிவிடுகிறது.

—

நடைவண்டி எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு. இதோடு "குவாந்தோ"வையும் (போது) சேர்த்துக்கொள்ளுங்கள். "பகாமோஸ் குவாந்தோ யேகா லா மெர்கன்சீயா" என்றால் சரக்கு வரும்போதெல்லாம் பணம் கொடுப்பது எங்கள் வழக்கம் என்று பொருள். இந்தக் குறிப்பிட்ட சரக்கு, இன்னும் வராதது, அது வந்ததும் தருவோம் என்றால் "பகரேமோஸ் குவாந்தோ யேகே". வழக்கத்தையும் வாக்குறுதியையும் கலந்துவிட்டால் கணக்குப் பிரிவில் சண்டை வரும்.

—

முத்திரைத்தாள் எழுதியது:

ஒப்பந்தங்களைப் படித்துக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒப்பந்த ஸ்பானிஷைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், எழுத முயல வேண்டாம். அது அந்தந்த நாட்டு வழக்கறிஞர் வேலை.

படிக்கும்போது "உபியேரே", "இன்கும்ப்லியேரே" என்று "-ரே"யில் முடியும் வினைகள் வரும். எந்தப் பாடப்புத்தகமும் ஒரு பத்திக்கு மேல் சொல்லிக் கொடுக்காது. எதிர்கால சப்ஹுன்தீவோ அது. பேச்சில் ஏறக்குறைய மறைந்துவிட்டது, சட்டத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. "யாரேனும் மீறுவாராயின்" என்று நம் சட்டத் தமிழ் சொல்கிற அதே தொனி. ஸ்பெயினில் 1885-ஆம் ஆண்டு வணிகச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது, அரசிதழ்த் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். நாலு பக்கம் படித்தால் இந்த வடிவம் கண்ணுக்குப் பழகிவிடும்.

"தேபேர்" என்றால் கட்டாயம். "தேபேர் தே" என்றால் நெறிப்படி ஊகம், "இருக்கக்கூடும்" என்பது போல. பேச்சில் இரண்டையும் கலக்கிறார்கள். எழுத்தில் "தெபெரா" வந்தால் அது உங்கள் தலையில் விழும் கடமை.

போலி நண்பர்களில், அதாவது ஆங்கிலச் சொல் போலவே தோன்றி வேறு பொருள் தரும் சொற்களில், எனக்கு அதிகம் தொல்லை தந்தவை மூன்று. "எவெந்துவால்மென்தே" என்றால் "இறுதியில்" இல்லை, "நேரிட்டால்". "கொம்ப்ரொமீசோ" என்றால் சமரசம் இல்லை, கொடுத்த வாக்கு. "தெமான்தார்" பெரும்பாலும் வழக்குப் போடுவது. நீங்கள் விளக்கம் கேட்கிறோம் என்று நினைத்து எழுத, அவர்கள் வழக்கறிஞரைக் கூப்பிட்டுவிடக் கூடாது.

—

இரண்டாம்சாமம் எழுதியது:

எழுத்து எனக்கு ஓரளவு வருகிறது. போனில்தான் சிக்கல். மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. அதைவிட, கூட்டம் முடிந்ததும் அவர்கள் சம்மதித்தார்களா இல்லையா என்றே தெரியவில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

—

நடைவண்டி எழுதியது:

கேட்கும் பயிற்சிக்கு நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். இன்டிடெக்ஸ், தெலெஃபோனிகா, பிபிவிஏ போன்ற ஸ்பெயின் பங்குச் சந்தை நிறுவனங்களின் பங்குதாரர் பொதுக்கூட்டங்கள் ஸ்பானிஷில்தான் நடக்கும், காணொளியும் கிடைக்கும். ஆண்டறிக்கை ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். முதலில் ஸ்பானிஷ் அறிக்கையில் ஒரு பகுதியைப் படித்துவிட்டு, அதே விஷயத்தைத் தலைவர் வாயால் கேளுங்கள். என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்த பிறகு எப்படிச் சொல்கிறார் என்பதில் காது நிற்கும். மெக்சிகோவுக்கு "எல் ஃபினான்சியேரோ", கொலம்பியாவுக்கு "போர்தஃபோலியோ" நாளிதழ்களைத் தினம் ஒரு செய்தியாவது வாசியுங்கள். ஸ்பெயினில் "பெனெஃபீசியோ" என்று பார்த்த லாபம் மெக்சிகோ செய்தியில் "உதிலிதாத்" என்று வருவது அப்போதுதான் தெரியும்.

சம்மதமா இல்லையா என்ற கேள்விதான் கடினம். ஆனால் இதிலும் நமக்குக் காது இருக்கிறது. "பார்க்கலாம்", "கலந்துட்டுச் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னால் அது எத்தனை தடவை சம்மதமாக முடிந்திருக்கிறது? "லோ வேமோஸ்", "தேஹெமே ரெவிசார்லோ" என்பவற்றையும் அப்படியே கேளுங்கள். நாள் குறிக்காத சம்மதம் சம்மதம் இல்லை. கூட்டம் முடிந்த அன்றே ஒரு மெயில் போடுங்கள்: பேசியது இது, ஒப்புக்கொண்டது இது, அடுத்த படி யாருடையது, எந்தத் தேதிக்குள். மறுப்பு இருந்தால் அதற்குப் பதிலில் வெளியே வரும்.

நமக்குச் சாதகமான இன்னொன்று, தவறை ஒப்புக்கொள்ளும் விதம். "தேதி தவறிப்போயிடுச்சு" என்கிறோம், யார் தவறவிட்டது என்று வாக்கியம் சொல்வதில்லை. ஸ்பானிஷிலும் அதே: "சே நோஸ் பசோ லா ஃபெச்சா." சின்ன விஷயத்துக்கு இது போதும். பணமோ சரக்கோ சேதமானால் இதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதீர்கள். "எமோஸ் கொமெதீதோ உன் எர்ரோர்" (நாங்கள் தவறு செய்துவிட்டோம்) என்று நேராகச் சொல்லுங்கள்.

—

அந்திமழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சி1-க்குப் பதிவு செய்யப்போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் பொகோதா மெயிலைச் சரிசெய்கிறேன். இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"எஸ்திமாதோ செஞோர், எஸ்பேரோ கே எஸ்தே பியென். லே அக்ரதெசெரீயா கே மே என்வியாரா லா ஃபக்தூரா எஸ்தா செமானா, தே செர் போசீப்லே. கேதோ அதென்தா ஆ சுஸ் கொமென்தாரியோஸ்."

—

நடைவண்டி எழுதியது:

நன்றாக இருக்கிறது. "ஓய்" என்பதை எடுத்துவிட்டு இந்த வாரம் என்று கேட்டது நல்ல முடிவு. "கேதோ அதென்தா" (உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறேன்) என்று பெண்பாலில் முடித்ததும் சரி, அச்சில் இருப்பதைப் பார்த்து எல்லோரும் "அதென்தோ" என்றே ஒட்டிவிடுகிறார்கள்.

இரண்டு திருத்தம். "செஞோர்" தனியாக நிற்கக் கூடாது, பின்னால் முதல் குடும்பப் பெயர் வர வேண்டும். அழைப்புக்குப் பிறகு காற்புள்ளி போட்டிருக்கிறீர்கள். ஸ்பானிஷ் கடிதத்தில் அங்கே முக்காற்புள்ளிதான், அடுத்த வரியிலிருந்து பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும்.

—

அந்திமழை எழுதியது:

மாற்றி அன்றே அனுப்பினேன். இன்று காலை பதில் வந்துவிட்டது! இன்வாய்ஸ் இணைத்திருக்கிறார், தாமதத்துக்குக் காரணமும் எழுதியிருக்கிறார், நாலு வரி. கடைசியில் "கேதோ அதென்தோ" என்று முடித்திருக்கிறார். இதற்குத் திரும்பப் பதில் போடணுமா அக்கா?

—

நடைவண்டி எழுதியது:

போடுங்கள், இன்றே. ஒரு வரி போதும்: "ரெசிபீதோ, மூச்சாஸ் க்ராசியாஸ் போர் சு அயூதா." அந்த "சு"வை (உங்கள்) மறந்து "து" (உன்) போட்டுவிடாதீர்கள்.